காதுக்குள் ஓயாத சத்தம்: நாள்பட்ட காதிரைச்சலோடு வாழ்வது எப்படி?

வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோதும் காதுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தால் அது காதிரைச்சல். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பார்கள். சிலருக்கு ‘ங்கொய்’ என்று இழுக்கும். சிலருக்குச் சில்வண்டு கத்தும். குக்கர் ஆவி சீறும், விசில் அடிக்கும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். ஒரு காதில் கேட்கலாம், இரண்டிலும் கேட்கலாம், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல் தலை முழுக்கவும் கேட்கலாம்.

காது பக்கத்தில் பட்டாசு வெடித்தாலோ, கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வந்தாலோ சில மணி நேரம் காது இரைந்துவிட்டு அடங்கும். அது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்த இரைச்சல். நான் எழுத வந்தது அடங்காமல் தங்கிவிட்ட இரைச்சலைப் பற்றி. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் நாள்பட்டது என்பார்கள். உலகில் வயது வந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குக் காதிரைச்சல் உண்டு, சுமார் 2 சதவீதம் பேருக்கு அது கடுமையானது என்று 2022-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு மதிப்பிட்டது. எனக்கும் பல வருடமாக இரண்டு காதிலும் இருக்கிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, பழகிக்கணும்.” அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதவர்களை எனக்குத் தெரியும். மருத்துவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் எப்படிப் பழகுவது என்பதை அவர் சொல்லவில்லை. அதற்கு வழிகள் இருக்கின்றன, ஆராய்ந்து பார்த்த வழிகள். அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

உள்காதில் காக்ளியா என்று ஓர் உறுப்பு சுருண்டு கிடக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அதிர்வை மின்குறிப்பாக மாற்றி, செவி நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புவது இவற்றின் வேலை. வயது, உரத்த சத்தம், சில மருந்துகள் ஆகியவற்றால் இவை செத்துப்போகும். கோழிக்கும் பிற பறவைகளுக்கும் இந்தச் செல்கள் திரும்ப முளைக்கின்றன. மனிதனுக்கு முளைப்பதில்லை.

செல்கள் செத்த இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி வருவது குறைகிறது. மூளை அதைச் சும்மா விடுவதில்லை. திருவிழா மேடையில் பேசுகிறவர் குரல் கம்மினால் மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுவார் அல்லவா? கூட்டக் கூட்ட, பேச்சோடு சேர்ந்து ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலும் மேலெழும். மூளையின் ஒலிப்பாதையும் வரத்து குறைந்ததும் தன் உணர்திறனை அப்படித்தான் கூட்டிக்கொள்கிறது. எப்போதும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் மின்துடிப்பு அப்போது சத்தமாகக் கேட்கத் தொடங்குகிறது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இதையொட்டியதுதான். முதுமையும் உரத்த சத்தமும் கீச்சு ஒலிகளைக் கேட்கும் செல்களைத்தான் முதலில் கெடுக்கின்றன. அதனால்தான் பலருக்கும் இரைச்சல் கீச்சென்று இருக்கிறது.

2012-இல் வெளியான ஒரு சோதனையில், நன்றாகக் காது கேட்கும் 18 பேர் ஒரு காதில் மட்டும் ஏழு நாள் அடைப்பான் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் 14 பேருக்கு இல்லாத சத்தம் கேட்கத் தொடங்கியது. அடைப்பானை எடுத்ததும் போய்விட்டது. ஒலி வரத்து குறைந்தாலே மூளை சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. இன்னொரு பழைய சோதனை 1953-இல் நடந்தது. காதில் குறையேதும் இல்லாத 80 பேரை ஒவ்வொருவராகச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அந்த மெல்லிய இரைச்சல் ஏறக்குறைய எல்லோர் தலைக்குள்ளும் இருக்கிறது. நமக்கு அது மேலே வந்துவிட்டது, அவ்வளவே.

சத்தம் மூளைப் பாதையில் உருவாகிறது என்பதால் காதில் எதை ஊற்றியும் பலன் இல்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், மூலிகைச் சாறு, மெழுகுத் திரி எதுவும் அந்த இடத்தை எட்டாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் கெடுதலும் செய்யும். ஒரு காலத்தில் செவி நரம்பையே வெட்டிப் பார்த்தார்கள். வெட்டிய பிறகும் பலருக்கு இரைச்சல் நின்றபாடில்லை.

முதலில் ஒருமுறை காட்டிவிடுங்கள்

பழகிக்கொள்வதெல்லாம் பிறகு. முதலில் மருத்துவரிடம் காட்டி, சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வெறும் காதுக்குரும்பி அடைத்திருந்தாலும் இரையும், எடுத்துவிட்டால் நின்றுபோகலாம். நடுக்காதில் நீர் கோத்தாலும் சீழ் பிடித்தாலும் இரையும். தாடை மூட்டிலோ கழுத்திலோ கோளாறு இருந்தால், பல்லைக் கடிக்கும்போது சத்தம் மாறும்.

சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின் ஊசிகள், ஜென்டாமைசின், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், அதிக அளவில் ஆஸ்பிரின், குயினைன் ஆகியவை காதைத் தொடக்கூடியவை. அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

சில அறிகுறிகளுக்குத் தாமதம் கூடாது. திடீரென்று, ஒரே நாளில், ஒரு காது கேட்காமல் போய் இரைச்சலும் சேர்ந்துகொண்டால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் கேள்வித்திறன் திரும்ப வாய்ப்பு உண்டு, முதல் சில நாட்கள் பொன்னானவை. ‘சளியா இருக்கும், ரெண்டு வாரம் பார்ப்போம்’ என்று இருந்துவிடாதீர்கள். இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று அடித்தால் ரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். ஒரே காதில் மட்டும் இரைந்துகொண்டே இருந்தால் செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் அது பொதுவாகப் புற்றுநோய் வகை இல்லை. தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுத்தல் சேர்ந்து வந்தாலும் உடனே போக வேண்டும்.

எல்லோருக்கும் தேவைப்படுவது ஆடியோகிராம் என்ற கேள்வித்திறன் பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுக்கலாம். “எனக்குக் காது நல்லா கேக்குதே, எதுக்கு?” என்று தவிர்க்காதீர்கள். கீச்சு ஒலிகளில் குறை தொடங்கினால் பேச்சு கேட்பதில் வித்தியாசமே தெரியாது.

இரைச்சல் இருப்பதால் போகப்போகச் செவிடாகிவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. இரைச்சல் காதைக் கெடுப்பதில்லை. கெட்டுப்போன செல்களின் விளைவாக அது வருகிறது.

மாத்திரை உண்டா?

காதிரைச்சலைக் குணப்படுத்த என்று அமெரிக்காவோ ஐரோப்பாவோ அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் இரைச்சல் என்றதும் எழுதிக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டினை, காதிரைச்சலுக்காக மட்டும் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2020-இல் வழிகாட்டியது. தலைசுற்றலோடு கூடிய மெனியர் என்ற உள்காது நோய்க்கு அதைத் தருவது வேறு விஷயம். ஜின்கோ, துத்தநாகம், மெலட்டோனின் போன்ற துணை மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. காபியை விட்டால் இரைச்சல் போகும் என்பதற்கும் நல்ல ஆதாரம் கிடையாது. இரைச்சலோடு வாழ்கிறவரிடமிருந்து காலைக் காபியையும் பிடுங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே ‘முப்பதே நாளில் காதிரைச்சல் பூரண குணம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். நிம்மதி இழந்து தூக்கமில்லாமல் தவிக்கிறவர்களைக் குறிவைத்துச் செய்யும் வியாபாரம் அது. எனக்கு இதில் கோபம் உண்டு.

சத்தம் வேறு, அவஸ்தை வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலின் உரப்பை அளக்க ஒரு முறை இருக்கிறது. கருவியில் ஒலியைக் கூட்டிக் குறைத்து, “உங்கள் காதுச் சத்தம் இவ்வளவு இருக்குமா?” என்று ஆடியோலஜிஸ்ட், அதாவது கேள்வித்திறன் நிபுணர், கேட்பார். தாங்கவே முடியவில்லை என்பவர்கள்கூடப் பெரும்பாலும் காட்டுவது, அந்தச் சுருதியில் அவர்களுக்குக் கேட்கும் மிகச்சிறிய ஒலியைவிட ஐந்து பத்து டெசிபல் கூடுதலான அளவைத்தான். அதே அளவைக் காட்டும் இன்னொருவர், “ஆமா, கேக்கும், நான் கண்டுக்கிறதில்ல” என்பார். எவ்வளவு சத்தம் என்பதற்கும் எவ்வளவு அவஸ்தை என்பதற்கும் நேரடித் தொடர்பு பலவீனமாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் ஒருவரை வாட்டி இன்னொருவரை விட்டுவிடுவது எது? போலந்தில் பிறந்த பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி 1990-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். மூளை எந்நேரமும் வந்து விழும் ஒலிகளைச் சல்லடை போடுகிறது. முக்கியமில்லாததை நம் கவனத்துக்கே கொண்டுவருவதில்லை. மெட்டி போட்டவருக்குக் கால்விரலில் அது இருப்பது தெரிவதில்லை. ரயில்பாதை ஓரம் குடியிருப்பவர் இரவு வண்டிக்கு விழிப்பதில்லை. ஆனால் ஆபத்து என்று முத்திரை விழுந்த ஒலியை மூளை ஒருபோதும் நழுவ விடாது. இரைச்சல் தொடங்கிய நாட்களில் ‘மூளையில் கட்டியோ, பைத்தியம் பிடிக்கிறதோ, இனி தூக்கமே வராதோ’ என்று பயப்படும்போது அந்த முத்திரை விழுந்துவிடுகிறது. பயந்ததும் நெஞ்சு படபடக்கிறது, உடம்பு முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய உடம்பு சத்தத்தைத் தேடுகிறது. தேடினால் கிடைக்காமல் போகுமா? கிடைக்கிறது, முன்பைவிடப் பெரிதாக. திரும்பவும் பயம்.

இந்தச் சுழலில் சத்தத்தின் மீது நமக்குக் கட்டுப்பாடு இல்லை. பயத்தின் மீதும் கவனத்தின் மீதும் கொஞ்சம் உண்டு. பயம் தணிந்து, ‘இது ஆபத்தில்லாத சத்தம்’ என்று மூளை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டால், சத்தம் இருந்தபடியே இருக்க, நாளின் பெரும்பகுதி அது நினைவுக்கு வராமலே போகும். பழகுவது என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த வேலைக்கு இன்று வலுவான ஆதாரமுள்ள வழி சி.பி.டி. (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) எனப்படும் மனநலப் பயிற்சி. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது அது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்துச் செய்த தொகுப்பாய்வு 2020-இல் வெளிவந்தது. சி.பி.டி. காதிரைச்சலால் வாழ்க்கை கெடுவதைக் குறைக்கிறது என்று அது முடிவு சொன்னது. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் ‘எனக்கென்ன மனநோயா?’ என்று சிலர் கோபப்படுகிறார்கள். சத்தம் உண்மையானது. அதன் மேல் படிந்த பயத்தைக் கரைக்கத்தான் அங்கே போகிறோம்.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இரவு இரண்டு மணி, இரைச்சல், தூக்கம் இல்லை. மனதில் ஓடுவது: ‘இன்னிக்கும் தூங்கல, நாளைக்கு ஆபீஸ்ல ஒண்ணும் செய்ய முடியாது, இப்படியே போனா வேலையே போயிடும்.’ இதைத் தாளில் எழுதச் சொல்வார்கள். எழுதிய பிறகு கேள்விகள்: போன வாரம் தூங்காத ராத்திரிக்கு மறுநாள் வேலைக்குப் போனேனா? போனேன். வேலை நடந்ததா? சிரமப்பட்டுத்தான், ஆனால் நடந்தது. அப்படியானால் எழுத வேண்டியது: ‘நாளைக்குக் களைப்பாக இருக்கும், சமாளித்துவிடுவேன்.’ பார்க்க அற்பமாகத் தெரியும். நாள்தோறும் செய்யும்போது பயத்தின் பிடி நிஜமாகவே தளர்கிறது. சத்தத்துக்குப் பயந்து விட்டுவிட்ட கோயில், சினிமா, நண்பர்கள் கூட்டம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகத் திரும்புவதும் பயிற்சியின் ஒரு பகுதி.

என் அனுபவத்தில் மிகவும் உதவியது, காலையில் எழுந்ததும் ‘இன்னிக்கு எவ்வளவு இரையுது?’ என்று காதைச் சோதிப்பதை நிறுத்தியதுதான். தினமும் மதிப்பெண் போட்டுக் குறிப்பேடு எழுதுவதும் வேண்டாம். அது மூளைக்கு ‘இதைக் கவனி’ என்று நாமே கொடுக்கும் உத்தரவு.

இப்படிப் பழக மாதக்கணக்கில் ஆகும், பலருக்கு ஒரு வருடம், அதற்கு மேலும். நேர்கோட்டிலும் போகாது. இரண்டு வாரம் மறந்தே போயிருந்துவிட்டு, சளி பிடித்தால், தூக்கம் கெட்டால், வீட்டில் கவலை வந்தால் ஒருநாள் சத்தம் ஓங்கும். பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பொதுவாகச் சில நாட்களில் அதுவே தணியும்.

இரவும் அமைதியும்

எல்லோருக்கும் இரவுதான் சிரமம், ஏனென்றால் இரவில்தான் அமைதி. முழு அமைதியைத் தேடி ஓடாதீர்கள். மின்விசிறி ஓடட்டும். ஏ.சி. அறையில் விசிறிச் சத்தமும் இல்லையென்றால் செல்போனில் மழை, கடல், அருவி ஒலியை மெல்ல வைத்துக்கொள்ளலாம். அளவு முக்கியம்: இரைச்சல் முழுதாக மறையும்படி உரக்க வைக்காமல், இரண்டும் சேர்ந்து கேட்கும்படி சற்றுக் கீழே வையுங்கள். மறைந்துபோன சத்தத்துக்கு மூளை பழக முடியாது என்பது யாஸ்ட்ரெபாஃபின் வாதம். இரவு முழுக்க இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்குவதும் வேண்டாம். ஒலியால் நோய் தீரும் என்று சொல்ல ஆதாரம் போதாது, ஆனால் தூங்கும் நேரத்துக்கு அது நல்ல துணை.

தூக்கம் வராமல் அரை மணி நேரம் புரண்டால் எழுந்து உட்காருங்கள். வேறு அறைக்குப் போய் எதையாவது படியுங்கள், கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். படுக்கையையும் போராட்டத்தையும் மூளை முடிச்சுப் போட்டுக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

காது கேட்பதும் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள். நின்றுபோன ஒலி வரத்தைக் கருவி திரும்பக் கொண்டுவருகிறது. பேச்சைப் பிடிக்கப் படும் பாடும் குறைகிறது. ‘மாட்டிக்கிட்டா கிழவன்னு நினைப்பாங்க’ என்று சொல்லி ஐந்து, பத்து வருடம் கடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கண்ணாடி போடுவதற்கு இந்தத் தயக்கம் இல்லையே.

மிச்சமிருப்பதைக் காப்பது

விசைத்தறிக் கூடத்தில் நிற்பவர்கள், தவில் வாசிப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், மைக் செட் போடுபவர்கள், கல் உடைப்பவர்கள் எல்லோருக்கும் காதுப் பாதுகாப்பு தொழில் கருவியைப் போலத் தேவை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது: 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10. இந்தியச் சட்டப்படி பட்டாசுக்கான வரம்பே நாலு மீட்டர் தள்ளி 125 டெசிபல். கையில் பிடித்துக் கொளுத்துகிறவன் நாலு மீட்டர் தள்ளியா நிற்கிறான்?

அதே சமயம் பயத்தில் எந்நேரமும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிவதும் தப்பு. ஏழு நாள் அடைப்பான் போட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மேலே பார்த்தோம். உரத்த இடத்தில் அடைப்பான், வீட்டிலும் கடைத்தெருவிலும் திறந்த காது. அவ்வளவு போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்காது, ஸ்கேனிலும் தெரியாது. அதனால் ‘எல்லாம் பிரமை’ என்று சொல்லிவிடுவது சுலபம். தயவுசெய்து சொல்லாதீர்கள். அன்பின் மிகுதியில், “என்னங்க, இன்னிக்கு சத்தம் குறைஞ்சிருக்கா?” என்று தினமும் கேட்பதையும் விட்டுவிடுங்கள். மறந்திருந்தவருக்கு அந்தக் கேள்விதான் நினைவூட்டும். அதற்குப் பதில், கூட நடக்கக் கூப்பிடுங்கள். விருந்தில் ஸ்பீக்கருக்குத் தள்ளி இடம் பிடித்துக் கொடுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். எரிந்து விழுந்தால் தூக்கமில்லாதவர் என்று ஒரு நிமிஷம் பொறுங்கள்.

இரைச்சல் தொடங்கிய முதல் சில மாதங்களில் சிலருக்கு ‘இதோடு வாழவே முடியாது’ என்ற எண்ணம் வரும். அப்படி வந்தால், உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ, அதை உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. காதிரைச்சலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றாலும் கூப்பிடலாம்.